19 நாள் பிள்ளைக்கு எடை ஏற மாட்டேங்கு, டப்பா பால் குடுக்கேன்: என் பால் பத்தலையா, நான்தான் கெடுத்துட்டேனா?

கல்லிடைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். ராத்திரி ரெண்டே முக்காலுக்கு ஒரு கையில பிள்ளை, ஒரு கையில போனோட எழுதுதேன். பிழை இருந்தா பொறுத்துக்கிடுங்க.

முதல் பிரசவம். பாளையங்கோட்டையில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில சிசேரியன். பொம்பளப் பிள்ளை. பொறந்தப்போ 2 கிலோ 850. அஞ்சாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது 2 கிலோ 620. இப்போ கல்லிடைக்குறிச்சியில எங்கம்மை வீட்டுல இருக்கேன். நேத்து 19-ம் நாள், நர்ஸ் வந்து தராசுல போட்டுப் பாத்தாவ. 2 கிலோ 700. முகத்தைச் சுருக்கிக்கிட்டு "டாக்டர்ட்ட கொண்டு காட்டும்மா"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போனாவ. அதுல இருந்து எனக்குக் கை கால் ஓடல.

நடந்ததைச் சொல்லிருதேன். தியேட்டர்ல இருந்து என்னை வெளிய கொண்டாந்தப்போ பிள்ளை ஏற்கெனவே டப்பா பால் குடிச்சு முடிச்சு தூங்கிட்டு இருந்தா. யாரும் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. ரெண்டு நாளும் அதே பாட்டில்தான். நாலாம் நாள்தான் எனக்குப் பால் இறங்குச்சு. ரெண்டு மாரும் கல்லு மாதிரி ஆயிருச்சு, நைட்டி உரசுனாலே உசிரு போவுது. அப்போ பிள்ளையக் கொண்டு வச்சா, பாட்டில் பழகின வாய், நுனியக் கடிச்சு இழுக்கா, வரலைன்னதும் வீல்னு கத்துதா. வலது பக்கம் எனக்குக் காம்பு உள்ள போயிருக்கு. இடது பக்கம் வெடிச்சு, ஒருநாள் பிள்ளை வாயில ரத்தத்தைப் பாத்து நானும் சேந்து கத்திட்டேன்.

இப்போ எப்படின்னா, இடது பக்கம் அஞ்சு நிமிசம், பத்து நிமிசம் குடிப்பா. பொறவு அழுவா. உடனே அம்மை 60 மில்லி டப்பா பால் கலக்கிக் கொண்டாருவாவ. ஒரு நாளைக்கு ஆறேழு தடவை. அதைக் குடிச்சதும் தூங்கிருதா. ஆனா ஒரு மணி நேரத்துல திரும்ப முழிச்சிருதா.

சாப்பாட்டுல எங்கம்மை ஒரு குறையும் வைக்கல. பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, அம்பை மார்க்கெட்டுல சொல்லி வச்சு பால்சுறா வாங்கிப் புட்டு, கருப்பட்டி போட்டு உளுந்தங்களி. தண்ணிதான் தர மாட்டாவ. தண்ணி குடிச்சா வயிறு சரியும், தையல் சீழ் வைக்கும்ங்காவ. ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர் சுக்கு வெந்நிதான்.

பாக்க வாறவிய எல்லாருக்கும் ஒரே கேள்வி: "பால் இருக்காட்டி?" மைனி (வீட்டுக்காரவியளோட அக்கா) வந்து, டப்பாவக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம கீழ வச்சாவ. வஞ்சிருந்தாக்கூட பரவால்ல. அந்த டப்பாவுலயே இங்கிலீஷ்ல பெரிய எழுத்துல, தாய்ப்பால்தான் உன் பிள்ளைக்கு உத்தமம்னு போட்டிருக்கு. ராத்திரி மூணு மணிக்கு அதை வாசிச்சுக்கிட்டே கரண்டியப் போட்டு ஆத்துறது எப்படி இருக்கும்னு அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும்.

டப்பா பால நிறுத்திட்டா என் பால் ஊறுமா? நிறுத்தினா பிள்ளை பட்டினி கிடக்குமோன்னு பயமா இருக்கு. நிறுத்தலைன்னா இருக்கிறதும் வத்திரும்ங்காவ. யாராவது சொல்லுங்க.

பழைய ஆளு:

எங்க காலத்துல ஏதும்மா டப்பா? பசும்பால்ல சரிக்குச் சரி தண்ணி ஊத்தி, ரெண்டு கல்கண்டு போட்டுக் காய்ச்சி சங்குல ஊத்துங்க. வசம்பைச் சுட்டு உரசி நாக்குல தடவுங்க. பால் ஊறணும்னா தலையில மல்லிகைப்பூ வைக்கதை நிறுத்துங்க, வத்திரும். எடை தானா ஏறும்.

ரிட்டயர்டு நர்ஸம்மா, அம்பை:

எம்மா, முதல்ல ஒரு விசயம். விடிஞ்சதும் பிள்ளையத் தூக்கிக்கிட்டு பிள்ளைங்க டாக்டர்ட்ட போ. அடுத்த வாரம்னு தள்ளாத. மத்ததை எல்லாம் வந்து வாசிச்சுக்கலாம்.

ஏன்னு சொல்லுதேன். பொறந்த பிள்ளைக்கு முதல் நாலஞ்சு நாள்ல எடை இறங்குறது எல்லார் வீட்டுலயும் உள்ளதுதான். பத்துல ஒரு பங்கு வரைக்கும் இறங்கலாம். உம்மவ இறங்குனது 230 கிராம், நூத்துக்கு எட்டு. அதுல தப்பில்லை. ஆனா பத்துல இருந்து பதினாலு நாளைக்குள்ள பொறந்த எடைக்குத் திரும்பி வந்திரணும். அதுக்குப் பொறவு தினமும் 20, 30 கிராம் ஏறணும். உம்மவ 14 நாள்ல மொத்தமா 80 கிராம்தான் ஏறியிருக்கா. நாளைக்கு ஆறு கிராம்கூட இல்லை. இது பயந்து சாகிற விசயமும் இல்லை, பாத்துக்கலாம்னு விடுற விசயமும் இல்லை.

பிள்ளை 24 மணி நேரத்துல எத்தனை தடவை ஒண்ணுக்குப் போறா? ஆறுக்குக் குறையக் கூடாது. நிறம் வெளுத்து இருக்கணும், மஞ்சளாவோ செங்கல் நிறத்துலயோ துணியில கறை பட்டா டாக்டர்ட்ட சொல்லு. உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளா இருக்கா, தட்டி எழுப்புனாலும் முழிக்காம கிடக்கா, இதெல்லாம் இருந்தா விடியவும் காத்திருக்க வேண்டாம், இப்பமே கிளம்பு.

இன்னொண்ணு கேக்கேன். யோசிச்சுப் பதில் சொல்லு. அந்த 60 மில்லிக்கு உங்கம்மை எத்தனை கரண்டி மாவு போடுதாவ? நீ எழுதினதுல ஒரு இடம் எனக்கு உறுத்துது. 60 மில்லி ஆறேழு தடவை உள்ள போவுது, அதுக்கு மேல தாய்ப்பாலும் கொஞ்சம் போவுது, ஆனாலும் எடை ஏறல, ஒரு மணி நேரத்துல பசிச்சு முழிக்கா. கணக்கு இடிக்கே.

பழைய ஆளு அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதிய. ஒரு வயசுக்குள்ள பசும்பால் வேண்டாம். அதுல உள்ள புரதமும் உப்பும் அந்தச் சின்ன கிட்னிக்கு அதிகம், இரும்புச்சத்து பத்தாது, குடல்ல கண்ணுக்குத் தெரியாம ரத்தம் கசியும். தண்ணி கலந்தா சத்தும் சேந்து குறையும். வசம்பும் உரை மருந்தும் இந்தப் பிள்ளைக்கு வேண்டாம். மல்லிகைப்பூவ அரைச்சோ அப்படியேவோ மாருல வச்சுக் கட்டுறது பால் வத்த வைக்க நம்ம ஊர்ல செய்ற வைத்தியம். தலையில ரெண்டு முழம் வச்சு வத்தினவளை என் 34 வருச சர்வீஸ்ல நான் பாத்ததில்லை. அவ வச்சுக்கிடட்டும்.

கல்லிடைக்காரி:

சிஸ்டர், ஒண்ணுக்கு ஏழு தடவை போறா, வெளுப்பாத்தான் இருக்கு. எழுப்புனா முழிக்கா. காலையில எட்டு மணிக்கு டாக்டர் வீட்டு வாசல்ல நிக்கப் போறேன்.

நீங்க கேட்டதைப் பாத்துட்டு அடுக்களைக்குப் போனேன். அம்மை அப்பத்தான் அடுத்த நேரத்துக்குக் கலக்குதாவ. டம்ளர்ல 60 மில்லி வெந்நி. டப்பாவுல இருந்து ஒரு கரண்டி எடுத்தாவ, அதையும் ஓரத்துல தட்டி கொஞ்சம் திரும்ப டப்பாவுலயே விழ வச்சாவ, மிச்சத்தைப் போட்டு ஆத்துனாவ. அவ்வளவுதான். நான் டப்பாவத் திருப்பிப் பாத்தேன். 30 மில்லிக்கு ஒரு கரண்டின்னு போட்டிருக்கு. 60-க்கு ரெண்டு.

"ஏம்மா இப்படி?"ன்னு கேட்டேன். "கெட்டியாக் கரைச்சா பிள்ளைக்கு மந்தம் விழும்ட்டி, சூடு வேற. உனக்கும் உன் தம்பிக்கும் சரிபாதி தண்ணி ஊத்தித்தான பசும்பால் குடுத்தேன், நீங்க வளரலையா"ன்னாவ. பொறவு என் முகத்தைப் பாத்துட்டு டம்ளரக் கீழ வச்சுட்டாவ. எத்தனை நாளா இப்படின்னு நான் கேக்கல. ஆஸ்பத்திரியில இருந்து வந்த நாள்ல இருந்து அவியதான் கலக்குதாவ.

பகல்ல ஒரு தடவைகூட நான் எட்டிப் பாக்கல சிஸ்டர். ராத்திரி நேரத்துக்கு அம்மை வெந்நியையும் மாவையும் அளந்து தனித்தனியா மூடி வச்சிருவாவ, நான் கொட்டி ஆத்துறதோட சரி. அந்த டப்பாவுல தாய்ப்பால் உத்தமம்ங்கிற வரிய நூறு தடவை வாசிச்சேன், அதுக்குக் கீழ உள்ள அளவை வாசிக்கல.

ரிட்டயர்டு நர்ஸம்மா, அம்பை:

உங்கம்மைய வையாத. நிறைய வீட்டுல இப்படித்தான் கலக்குதாவ. சில வீட்டுல டப்பா சீக்கிரம் தீந்திரும்னு, சில வீட்டுல மந்தம்னு, உங்க வீட்டுல பசும்பால் பழக்கம். பசும்பாலுக்குத் தண்ணி ஊத்துன கையி, மாவுக்கும் ஊத்துது.

இப்போ என்ன நடந்துச்சுன்னு புரியுதா? வயித்த நிறைச்சது தண்ணி. வயிறு நிறைஞ்சதால உன்கிட்ட நல்லா இழுத்துக் குடிக்கல. நீ இறைக்காததால உனக்கு ஊறல. இறைத்த கிணறு ஊறும்னு சும்மாவா சொன்னாவ. டப்பா பாலும் சத்தாப் போகல, தாய்ப்பாலும் போகல. தண்ணியாக் கலக்கிறது எடை ஏறாததோட நிக்காது, ரத்தத்துல உப்பு குறைஞ்சு வலிப்பு வரைக்கும் போகும். அதே மாதிரி சீக்கிரம் தேறட்டும்னு ஒரு கரண்டி கூடப் போடுறதும் ஆகாது, அது கிட்னிக்குப் பாரம், மலம் இறுகும். டாக்டர்ட்ட இந்தக் கரண்டிக் கதைய மறைக்காமச் சொல்லு. இதைச் சொல்லலைன்னா அவர் வேற எங்கயோ தேடுவாரு.

இனி கலக்குற விதம். தண்ணி நல்லாக் கொதிக்கட்டும். இறக்கி அரை மணிக்குள்ள கலக்கிரு, ஆற விட்டு பச்சைத் தண்ணி பதத்துல கலக்காத. மாவு சுத்தமாத் தெரிஞ்சாலும் கிருமி இருக்கலாம், 70 டிகிரிக்குக் குறையாத சூடுதான் அதைக் கொல்லும். முதல்ல தண்ணிய அளந்து ஊத்து, பொறவு மாவு. கரண்டியத் தலைதட்டி கத்தி முதுகால சீவு, அமுக்கி நிரப்பாத. கலக்குனதைப் பாத்திரத்தோட பச்சைத் தண்ணியில வச்சு ஆத்தி, மணிக்கட்டுல ஒரு சொட்டு விட்டுப் பாரு. பிள்ளை வாய் வச்ச மிச்சம் ஒரு மணி நேரத்துக்கு மேல இருந்தா கொட்டிரு. நம்ம ஊரு வெயிலுக்கு அது கெட நேரம் ஆகாது. ஒரு டப்பா அளவு இன்னொரு டப்பாவுக்கு ஆகாது, அதுல உள்ள கரண்டியத்தான் பாவிக்கணும்.

பாட்டில மூட்டை கட்டி மேல போடு. பாலாடை இருக்கும்ல, வெள்ளிச் சங்கோ, எவர்சில்வரோ, அதுல ஊத்து. ஆஸ்பத்திரியில குறைமாசப் பிள்ளைங்களுக்கே அதுலதான் ஊத்துவோம். பிள்ளைய நிமித்திப் புடிச்சு, கீழ் உதட்டுல சங்க வச்சு, அவளா நக்கி இழுக்க விடு. உள்ள கவுத்தாத, புரையேறும். பாட்டிலுல சும்மா வாய் வச்சாலே ஒழுகும், அப்படிப் பழகினவ உன்கிட்ட உழைக்க மாட்டா.

அடுத்தது நீ. வலது பக்கக் காம்புக்கு ஒரு வழி சொல்லுதேன். 10 மில்லி சிரிஞ்சு வாங்கு, ஊசி வேண்டாம். ஊசி மாட்டுற முனைய பிளேடால வெட்டி எறி. உள்ள இருக்க தண்டை உருவி, வெட்டுன பக்கத்துல இருந்து உள்ள விடு. வெட்டாத வழுவழுப்பான வாய காம்பு மேல வச்சு, தண்டை மெதுவா இழு. காம்பு உள்ள ஏறி வரும். அரை நிமிசம், ஒரு நிமிசம் புடிச்சு விடு. ஒவ்வொரு தடவை பால் குடுக்க முன்னால ரெண்டு மூணு தரம். வலிச்சா இழுக்காத. ரெண்டு நாள் கழிச்சு நீயே சிரிப்ப.

பிள்ளை வெடிக்க வெடிக்கக் கடிக்குதான்னா காம்பை மட்டும் கவ்வுதா. வாய ஆன்னு திறக்க வைக்கணும். மூக்குக்கு நேரா காம்பு, மேல் உதட்டுல தொட்டுக்காட்டு, அவ கொட்டாவி விடுற மாதிரி வாய் திறக்கும்போது தலைய அமுக்காம முதுகைச் சேத்து அணைச்சு உள்ள கொண்டு வா. கறுப்பு வட்டம் முக்காவாசி உள்ள போணும், தாடை மாருல முட்டணும், கீழ் உதடு வெளிய மடிஞ்சிருக்கணும். சிசேரியன் தையல் மேல பாரம் படாம இருக்கணும்னா பிள்ளையக் கக்கத்துல, கோழியைக் கக்கத்துல இடுக்குற மாதிரி, கால் பின்னால போற மாதிரிப் புடி. வலிச்சா சுண்டு விரல வாய் ஓரத்துல விட்டு எடுத்துட்டுத் திரும்ப வை. குடிச்ச பொறவு கடைசிச் சொட்டுப் பாலையே வெடிப்புல தடவிக் காய விடு.

ரெண்டு மணி, மூணு மணிக்கு ஒரு தரம், ராத்திரியும் சேத்து எட்டுத் தடவைக்குக் குறையாம வை. ராத்திரி நேரத்துலதான் பால் சுரக்க வைக்கிற ஹார்மோன் அதிகம், அதை விட்டுராத. அவ குடிச்சு முடிச்சதும் கையால பீச்சி எடுத்து, அதையே சங்குல முதல்ல ஊத்து. அதுக்குப் பொறவுதான் டப்பா பால், அளவு டாக்டர் சொல்லட்டும். டப்பாவ நாளைக்கே நிறுத்தாத. எடை ஏறுறதைப் பாத்துப் பாத்து ஒவ்வொரு நேரமாக் குறைக்கணும். பால்சுறா ருசியான மீனுதான். ஆனா சுறா பால் ஊத்தாது, பிள்ளையோட வாய்தான் ஊத்தும்.

தண்ணிய மட்டும் மறிச்சா நான் கல்லிடைக்கே வந்திருவேன்னு உங்கம்மைட்ட சொல்லு. தாகம் எடுக்க எடுக்கக் குடி.

ஆஸ்பத்திரியில கேக்காம டப்பா பால் குடுத்தது சரியில்ல. மருத்துவக் காரணம் இருந்தா குடுக்கலாம், தாய்ட்ட சொல்லிட்டுக் குடுக்கணும். பால்மாவு விளம்பரம், இலவச டப்பா இதையெல்லாம் தடுக்கவே 1992-ல சட்டம் இருக்கு. அந்தச் சண்டைய பொறவு வச்சுக்கிடுவோம்.

முக்கூடல் ரெட்டைப்பிள்ளை:

நர்ஸம்மா எல்லாம் சொல்லிட்டாவ. நான் வேற ஒண்ணு சொல்ல வந்தேன். எனக்கு ரெட்டைப் பயலுவ, எட்டாம் மாசத்துலயே வந்துட்டான்வ. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டியில வச்சிருந்தாவ. ஒரு மாசம் பீச்சிப் பீச்சிக் குடுத்தேன். பொறவு பத்தல, டாக்டரே டப்பா எழுதிக் குடுத்தாரு. எங்க வீட்டுல பீடிதான் பொழப்பு. அறுபதாம் நாளே பீடி சுத்துற தட்டை மடியில வச்சேன். மடியில தட்டு இருந்தா பிள்ளைக்கு இடம் ஏது? புகையிலைத் தூள் படும், பிள்ளையப் பக்கத்துல போடாதன்னு டாக்டர் வேற சொல்லிட்டாரு. சோப்புப் போட்டுக் கை கழுவி, சீலை மாத்தித்தான் தூக்கணும். அப்போ டப்பா பால் இல்லைன்னா என் பயலுவ இல்ல. இப்போ ரெண்டும் ஆறாப்பு. ஒருத்தன் கபடி ஆடுதான், ஒருத்தன் வாயாடுதான்.

நான் செஞ்ச தப்பு ஒண்ணு. ஐப்பசி மழை, கரண்டு இல்லை, மண்ணெண்ணெய் அடுப்பு பத்த மாட்டேங்கு. சின்னவன் மிச்சம் வச்ச பால மூணு மணி நேரம் கழிச்சுப் பெரியவனுக்கு ஊத்திட்டேன். வயித்தால போயி நாலு நாள் குளுக்கோஸ். அன்னைக்கு ஒரு ரெண்டு கரண்டி மாவுக்குப் பாத்தேன். மிச்சத்தைக் கொட்ட மனசு வராதுட்டி, தெரியும். கொட்டிரு.

மைனி டப்பாவப் பாத்துட்டுப் போனா போட்டும். அவிய வந்தா ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து ஆத்திக் குடுத்துட்டுப் போகச் சொல்லு.

சங்கரன்கோயில் அப்பா:

உங்க வீட்டுக்காரரு எங்க இருக்காரு? எங்க வீட்டுல ராத்திரி ஒரு மணி, நாலு மணி சங்கு என் பொறுப்பு. சங்குல ஊத்த ஒரு நேரத்துக்கு 20 நிமிசம் ஆகும், அவசரப்பட்டா சட்டை எல்லாம் பால். அந்த நேரத்துல அவ பீச்சி முடிச்சிருவா. ஆம்பளைக்கு இதுல வேற என்ன வேலை இருக்கு?

கல்லிடைக்காரி:

பத்து நாள் கழிச்சு வாரேன், மன்னிச்சுக்கிடுங்க.

டாக்டர்ட்ட கரண்டிக் கதைய அம்மையே சொன்னாவ. நான் வாயத் திறக்க முன்னால, "தப்பு என்னுதுதான் சார்"ன்னு. ரத்தம் எடுத்துப் பாத்தாவ, உப்பு எல்லாம் சரியா இருந்துச்சு. தாய்ப்பால் குடுத்த பொறவு சங்குல 30 மில்லி சரியான அளவுல, மூணு நாளைக்கு ஒருக்க எடை பாக்கணும்னாரு. நேத்து 2 கிலோ 980.

சிரிஞ்சு வேலை செஞ்சுச்சு சிஸ்டர். மூணாம் நாள் வலது பக்கமும் குடிச்சா. முழுங்குற சத்தம் கேட்டுச்சு, கக், கக்னு. அதை வீட்டுக்காரவிய போனுல பதிஞ்சு வச்சிருக்காவ. இப்போ டப்பா பால் நாளைக்கு மூணு நேரம்தான், ராத்திரி ஒரு நேரம் அவிய. வெள்ளி, சனிக்கிழமை மட்டும், அவியளுக்கு வேலை தூத்துக்குடியில.

அம்மை இப்போ கரண்டிய வெளிச்சத்துல புடிச்சுப் பாத்து, கத்தி முதுகால ரெண்டு தடவை சீவுதாவ. "கூடக் குறைய ஆச்சுன்னா அந்த நர்ஸம்மா வந்திருவா"ங்காவ. உங்க முகமே தெரியாது, வீட்டுல தினம் உங்க பேரு அடிபடுது. என் தலைமாட்டுல இப்போ ஒரு செம்புத் தண்ணி இருக்கு.

ஒரே ஒரு சந்தேகம். 31-ம் நாள் தொட்டில்ல போடுதோம். அத்தை திசையன்விளையில இருந்து வாராவ. நாக்குல தேன் தொட்டு வைக்கணும், அவிய குடும்பத்து வழக்கம்ங்காவ. ஒரு சொட்டுதான்ங்காவ. வைக்கலாமா?

ரிட்டயர்டு நர்ஸம்மா, அம்பை:

பத்து நாள்ல 280, ஒரு நாளைக்கு 28 கிராம். நல்லா இருக்கு தாயி.

தேன் வேண்டாம். ஒரு சொட்டும் வேண்டாம், ஒரு வயசு முடியிற வரைக்கும். தேன்ல இருக்குற ஒரு கிருமி நமக்கு ஒண்ணும் செய்யாது, கைப்பிள்ளைக்குக் கை கால் துவண்டு மூச்சு வரைக்கும் பாதிக்கும். சேனைக்குத் தாய்ப்பாலத் தொட்டு வைக்கச் சொல்லு, உன்கிட்டதான் இப்போ இருக்கே. அத்தை ஒத்துக்கிடலைன்னா போனப் போட்டுக் குடு, நான் பேசுதேன்.